வாசலில் நின்ற ஏட்டு

தென்காசி தேவாலயத்துக்குள் சாரல் காற்று வருகிறது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல், அப்போஸ்தலர் பவுலான கதையைப் போதகர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஏட்டு நம்பிராஜன் நனைந்த தலையோடு வாசலில் தயங்கி நிற்கிறார். பொய் வழக்கொன்றில், உள்ளே பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஏசுவடியானின் முழங்காலை லத்தியால் உடைத்தவர் அவர். "இந்த ஆளு எதுக்கு இங்கன வந்திருக்கான்?" என்று ஏசுவடியானின் மனைவி உலகம்மை முணுமுணுக்கிறாள். போதகரின் குரல் நின்றுவிடுகிறது. ஏசுவடியான் கம்பை ஊன்றி எழுந்து, நொண்டியபடி வாசலுக்குப் போகிறார். நம்பிராஜன் ஓரடி பின்வாங்குகிறார். "மழையில நிக்காதிய அண்ணாச்சி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவருகிறார் ஏசுவடியான். அவர்கள் பெஞ்சில் இன்னொருவருக்கு இடமில்லை. உலகம்மை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, மெல்ல நகர்ந்து இடம்விடுகிறாள்.