ஒற்றை நட்சத்திரம்

இனெஸுக்கு நடந்தது அநியாயம். பத்தொன்பது வருஷமாகத் துப்பாக்கிக் குழல் அளக்கிறவளை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, போட்டிகளில் சுடும் ஓரேஸ்தே கேட்டுவிட்டார்:

"உனக்கு அளக்கத் தெரியாதா, இல்ல எண்ணத் தெரியாதா?"

கார்தோனே துப்பாக்கிப் பட்டறைகளில் குழலில் ஒற்றை நட்சத்திரம் குத்தியிருந்தால் வாய் முழு இறுக்கம், ரவை சிதறாமல் ஒன்றாகப் பாயும். மூன்று என்றால் பாதி. இனெஸ் அளந்து குத்திய ஓரேஸ்தேயின் குழலில் இருப்பது ஒன்று. பக்கத்து ஊர்க் கடையில் பாதி என்கிறார்களாம்.

"வாயை அகலமா வச்சுக்கிட்டுச் சுடுறது கண்ணு தெரியாதவன் பண்ற வேலைம்மா," என்றார் ஓரேஸ்தே.

இனெஸ் குனிந்து குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேஜையில் வேலை பார்க்கும் மிரெல்லாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க வாயில அளவுக் கூம்பைச் சொருகி மட்டும் பாத்திருப்பாங்க. உள்விட்டத்தையும் அளந்து கழிச்சாத்தானே இறுக்கம்? குழலை வச்சிட்டுப் போங்க. நாளைக்கு நிரூபிக்கிறேன்."

இனெஸ் அளப்பதைப் பார்த்து மிரெல்லா மூச்சை அடக்கிய நாட்கள் உண்டு. கைச்சூடு பட்டாலே இரும்பு பொய் சொல்லும் என்று, குழலையும் கருவியையும் ஒரே மேஜையில் மணிக்கணக்கில் ஆறப்போடுவாள். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அதில்கூட அவள் பிசகியதில்லை.

அதே மாதிரி மிரெல்லாவும் ஆறப்போட்டு அளந்தாள். உள்ளே 18.40. வாயில் 17.90. முழு இறுக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வேண்டும். இருந்தது அரை.

ஓரேஸ்தே சொன்னது சரி.

நம்பமுடியாமல் இனெஸின் குறிப்பேட்டைப் புரட்டினாள். 'ஓரேஸ்தே. உள் 18.40, வாய் 17.40. ஒற்றை நட்சத்திரம்.' அதன் கீழே, ஆறு வருஷத்துக்குப் பிந்தைய தேதியில், வேறு மையில்:

'சுத்தம் செய்ய வந்தது. அவருக்கு வலது கண் மங்கிவிட்டது. குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது; அவர் யாரிடமும் சொல்லவில்லை. போட்டியிலிருந்து விலகப்போகிறாராம். வாயை 17.90 ஆக்கினேன். ரவை கொஞ்சம் விரிந்து பாயட்டும். நட்சத்திரத்தைத் தொடவில்லை.'

அந்த வருஷம்தான் ஓரேஸ்தே மறுபடி கோப்பை வாங்கத் தொடங்கினார்.

கேட்காமல் செய்தது நியாயமா என்று இனெஸிடம் சண்டை போட மிரெல்லாவிடம் நாலு வாதம் இருந்தது. குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் ஓரேஸ்தே இரண்டு நண்பர்களோடு வந்து நின்றார். "என்னம்மா, நிரூபிச்சாச்சா?"

மிரெல்லாவின் கை குறிப்பேட்டுக்குப் போனது. அதற்குள் இனெஸ் அதை இழுத்து மூடி, மேலே தன் முழங்கையை வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான்தான் தப்பா அளந்துட்டேங்க. ஆனா, பாதி இறுக்கத்தை வச்சுக்கிட்டே மூணு கோப்பை அடிச்சிருக்கீங்களே, அது என்ன கண்ணுங்க உங்களுக்கு!"