போலிகளுக்கு எதிரான சட்டம்

"அழுகை வந்தா அடக்காதீங்கம்மா. உறுப்பினர்கள் மனசு இளகணும்" என்று தன் கைக்குட்டையை நீட்டினார் உளவியலாளர் சங்கத் தலைவர்.

அவள் வாங்கவில்லை. பதற்றம் போலும் என்று நினைத்து அவர் அவள் தோளில் தட்டிக்கொடுக்க வர, வெடுக்கென்று நகர்ந்துகொண்டாள்.

சட்டசபைக் குழு கூடியிருந்தது. போலி மனநல ஆலோசகர்களை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று பல வருடமாகவே சங்கம் அலைகிறது. லைசென்ஸ் தருவது, புகாரை விசாரிப்பது, எல்லா அதிகாரமும் தங்களுக்கே வேண்டும் என்பது கோரிக்கை. பாதிக்கப்பட்டவர்கள் சாட்சி சொல்ல வரலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தபோது முதலில் வந்து நின்றவள் இவள்தான்.

"உடைஞ்சு போய் வர்றவங்களை வேட்டையாடற ஓநாய்ங்க இந்தப் போலிங்க" என்று முழங்கினார் தலைவர். "எங்க மெம்பர் யார் மேலயும் இதுவரைக்கும் ஒரு புகார்கூட நின்னதில்ல!"

குழுவை நடத்திய அம்மையார் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"என் தங்கச்சி புருஷன் தவறிட்டாருங்க. தூக்கமே வரலன்னு கவுன்சலிங் போனா. அந்த ஆளு கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு, 'இதுவும் ட்ரீட்மென்ட்தான்'னு சொல்லியிருக்கான்."

டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த உறுப்பினர் அதை அப்படியே தட்டில் போட்டார். "சீ!"

"வீட்டுக்கு வந்து தோல் உரியற அளவுக்குத் தேச்சுத் தேச்சுக் குளிச்சா. புகார் கொடுத்தா. துக்கத்துல இருக்கறவங்களுக்கு இப்படியெல்லாம் தோணும்னு பதில் வந்துச்சு. இப்ப யார்கிட்டயும் பேசறதே இல்ல."

அதுவரை உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த தலைவர் நிறுத்திவிட்டார். "போதும்மா, உங்க கஷ்டம் எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

அம்மையார் கையமர்த்தினார். "இருங்க சார். அந்தப் போலி யாருன்னு தைரியமா சொல்லும்மா. இன்னிக்கே தூக்கி உள்ள வைக்கச் சொல்றேன்."

அவள் எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"போலி இல்லைங்க, அசல்தான். இதோ, இந்தத் தலைவர்தான்!"