தொட்டிக்குக் கட்டிய வேட்டி

ஏஞ்சல் மீன் ஜோடி மூன்றாவது தடவையும் தன் முட்டைகளைத் தின்றுவிட்டது. காரணம் நான்தான். குஞ்சு வந்துவிட்டதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு விரலால் தட்டினேன்.

மீன் கடைக்காரர் தனபாலிடம் தலையைச் சொறிந்தபடி சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி எட்டிப் பாப்பீங்க?"

"பதினஞ்சு வாட்டி இருக்குமுங்க. பையனும் மருமவளும் பள்ளிபாளையத்துல தனி ஊடு பாக்கறாங்க. இனி எனக்கு இந்த மீனுகதான் தொணை."

"பாத்துக்கிட்டே இருந்தா அதுக பயந்து முட்டையைத் தின்னுப்போடும். தொட்டியைத் துணி கட்டி மறைச்சுட்டு, தீனி போட மட்டும் போங்க."

என் பழைய வேட்டியைக் கட்டி மறைத்தேன். மறுபடி முட்டையிட்டபோதும் எட்டிப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை வேட்டியை விலக்கினால், கடுகு கடுகாய் ஐம்பது குஞ்சுகள் நீந்துகின்றன.

காபி கொண்டுவந்த மருமகள் தமிழினியிடம் காட்டினேன். "பாத்தியா சாமி, மாமன் ஒதுங்கி இருந்ததுக்குப் பலன்."

"நல்லாருக்குதுங்க மாமா."

அவள் சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "கண்ணாலமாகி ஏழு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள எதுக்குச் சாமி தனியாப் போறீங்க? இங்க என்ன கொறை?"

"நெசத்தைச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குஞ்சுகளையே பார்த்தாள்.

"தெனமும் காபி குடுக்கறப்ப, 'ஏதாச்சும் விசேஷமா'ன்னு கேக்கறீங்க. எங்களுக்கும் ஒரு வேட்டி வேணுங்க மாமா."