உச்சந்தலை ஆணி

பேன் பார்க்கிறேன் என்று பவுனம்மாளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்த தேவகி, உண்மையில் தேடியது ஆணியை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் பவுனம்மாள் கதை தெரியாதவர் கிடையாது. ஒருகாலத்தில் சவுக்குத் தோப்புப் பேய். கடலுக்குப் போகும் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பிப் பார்த்தவன் வீடு வந்து சேர்ந்ததில்லை. எங்கிருந்தோ ஒரு மந்திரவாதி வந்து உச்சந்தலையில் இரும்பு ஆணி அடித்த பிறகுதான் அடங்கினாள். ஆணி இருக்கிறவரை பெண், பிடுங்கினால் பழையபடி பேய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் பெண் கொடுக்காத எல்லப்பன், நான் கட்டிக்கொள்கிறேன் என்று முன்வந்தான். அவன் அவசரம் அவனுக்கு.

அப்புறம் பார்த்தால் ஊரிலேயே அவள்தான் ஒழுங்கு. ரேஷன் கடையில் வரிசை தாண்ட மாட்டாள். மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் காயவைத்த நெத்திலியில் மணல் நெறிபடாது. பேயே இப்படிக் குடும்பம் நடத்துது, உனக்கு இன்னா கேடு என்று மருமகள்களைத் திட்டவே அவள் பெயர் பயன்பட்டது.

எல்லாம் சரி. ஆனால் அவள் மகன் லோகேஷுக்குத் தேவகியின் மகள் அர்ச்சனாவைக் கேட்டுவிட்டார்கள்.

பையனுக்கு மீஞ்சூரில் வேலை. கெட்ட பழக்கம் கிடையாது. பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அடுத்த வீட்டில் பேய் இருப்பது வேறு, சம்பந்தி வீட்டில் இருப்பது வேறு. ஆணி ஆடிக்கிடந்தால் மகள் கதி என்ன?

தலை பார்ப்பதில் தேவகியின் கை தேர்ந்த கை. அவள் வீட்டில்தான் அதற்குக் கொடுப்பினை இல்லை. கணவன் கோதண்டம் தலையைத் தொடவிட மாட்டான். அர்ச்சனா பிறப்பதற்கு முந்தின வருஷப் புயலில் படகு கவிழ்ந்து, இனி இல்லை என்று ஊரே சொன்ன பிறகு, ராத்திரியில் தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தவன் அவன். அன்று கட்டிய துண்டு, தூங்கும்போதும் தலையில் இருக்கும். தீபாவளிக்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தானே எண்ணெய் தேய்த்துக்கொள்வான். வழுக்கையை மறைக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது தேவகிதான்.

கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகின் நிழலில், வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டே போனாள். உச்சியில் விரல் நின்றது.

ஆணி இல்லை.

சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பள்ளம். எப்போதோ ஆறி, தோல் மூடி, ஓரத்தில் நரைகூட முளைத்திருந்தது.

இத்தனை வருஷம் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறூட்டியது, தேவகியின் பிரசவத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் ஆணி இல்லாமலா?

பவுனம்மாள் திரும்பவில்லை. முறத்திலிருந்த நெத்திலியில் குப்பை பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்குக் கரையில வுழுந்து பொரண்டு அழுதியேக்கா, எந்த ரூபத்துலயாச்சும் வூடு வந்து சேர்ந்தா போதும்னு. தாங்க முடியல. எங்க வூட்டுக்காரர வுட்டு ஆணியப் புடுங்கச் சொல்லி, நாந்தான் கடல்ல எறங்கிப் போய்க் கூட்டியாந்தேன்."

தேவகி பிரித்த வகிட்டை மூடினாள்.

"வந்தது அடங்கி இருக்கணும்ல. ஆணி ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கு அது இல்லாமயே பழகிப்போச்சுக்கா."

பிறகு, அர்ச்சனாவை வேறு எங்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றும், அவளுக்குத் தங்கள் வீடுதான் தோதுப்படும் என்றும் கேட்டுக்கொண்டாள். அதட்டலாக இல்லை; கெஞ்சுகிற குரல்.

குழாயடியில் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். ஆணியைப் பார்க்கப் போகும் விஷயத்தைக் காலையிலேயே ஒவ்வொருத்தி காதிலும் ரகசியமாகப் போட்டுவிட்டுப் போனவளும் தேவகிதான். இன்னா ஆச்சு, இருக்குதா இல்லையா என்று சுற்றிக்கொண்டார்கள்.

"கீது. கெட்டியா கீது," என்றாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயரவில்லை. தேவகிக்கு இப்படி ஆனது அதுதான் முதல் தடவை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

வாசலில் கோதண்டம் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தான். கடல்காற்றில் துண்டு நழுவியிருந்தது.

அதை ஒருநாள் இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷம் அலைந்தவள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றாள். வெயிலில் காய்ந்த தலையில், உச்சியில் விரல் பட்ட இடம் மட்டும் இரும்பாகச் சில்லென்றிருந்தது.

தேவகி துண்டை இழுத்து, இறுக்கி முடிந்துவிட்டாள்.