முதல் எருமை

"இதுவும் சரியில்ல," என்றான் வில்சன்.

பிரியதர்ஷினி டிஜிட்டல் பேனாவைக் கீழே வைத்தாள். திரையில் இருந்தது ஆறாவது எருமை.

"எது சரியில்லன்னு சொல்லு. சும்மா சரியில்ல, சரியில்லன்னா நான் என்னத்தப் போட?"

"மூஞ்சிதான். வேற மாதிரி போடு."

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் நான்கு நிமிட அனிமேஷன் படம். தாமிரபரணியில் இறங்கிய எருமை கரையேற மறுக்கிறது. முதுகில் உட்கார்ந்த கொக்கு அதற்குப் புத்தி சொல்கிறது. அவ்வளவுதான் கதை.

வில்சன் இயக்குநர். எருமையும் கொக்கும் பிரியதர்ஷினி வரைய வேண்டியவை. ஆறும் கரையும் பூதத்தான் பொறுப்பு.

மாலை ஐந்து மணிக்குள் எருமையின் பன்னிரண்டு முகபாவங்களும் துறைத் தலைவர் மேஜைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் மூன்று பேருக்கும் மதிப்பெண் கிடையாது. அப்போது மணி மூன்று நாற்பது.

கொக்கை முதல் தடவையே சரி என்றுவிட்டான் வில்சன். எருமைதான் தகராறு.

இரண்டாவதற்கு மூக்கைச் சின்னதாக்கச் சொன்னான். அது கன்றுக்குட்டி ஆனது. மூன்றாவதற்குக் கன்னத்தைக் குறைக்கச் சொன்னான். ஆடு மாதிரி வந்தது. நான்காவதற்கு அரைக்கண்ணை முழுக்கண் ஆக்கச் சொன்னான். பேயைப் பார்த்ததுபோல முழித்தது. ஐந்தாவதற்கு நிறம்.

"கறுப்பக் கொஞ்சம் கொற."

"எருமைய வேற என்ன கலர்ல போட? சந்தனக் கலர்லயா?"

"சாம்பல்ல போடேன்."

போட்டாள். ஆறாவதற்கு உதட்டை மெலிதாக்கச் சொன்னான். இப்போது அது எருமையே இல்லை. கொம்பு வைத்த முயல்.

"வில்சன், மொதல்ல போட்டதுக்கு என்ன கொறச்சல்? சிரிக்கச் சொன்னா சிரிக்குது, மொறைக்கச் சொன்னா மொறைக்குது. அதுக்குப் பன்னெண்டு முகமும் போட்டு வச்சிருக்கேன். அதையே குடுத்துருவோம்."

"அது மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன்."

"காரணம் சொல்லாம ஏழாவது போடமாட்டேன். நீயே போட்டுக்க."

பிரியதர்ஷினி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

வில்சன் வாசலை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"ஒனக்கு நெசமாவே தெரியலயா? இல்ல, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"என்னத்த?"

"அது பூதத்தான் மூஞ்சி."

அவள் அவனையே பார்த்தாள்.

"அந்தக் கறுப்பு, அந்தச் சப்ப மூக்கு, தூங்குத மாதிரி அந்த அரைக்கண்ணு. அப்படியே அவன்தான். படத்த ஆடிட்டோரியத்துல போடும்போது எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க. அவன் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வச்சுக்கிடுவான்? அவனும் நானும் மூணு வருசமா ஒரே ரூம். அவங்க அப்பா வயக்காட்டு வேலைக்குப் போயி அவனப் படிக்க வைக்காரு. அவன்கிட்ட இந்தக் கேலி வேண்டாம், தர்ஷினி. நேராச் சொன்னா ஒனக்கு மனசு கஷ்டப்படும்னுதான் சுத்தி வளச்சுச் சொன்னேன்."

பிரியதர்ஷினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ கதவை முழங்கையால் இடித்தார்கள்.

பூதத்தான். கையில் மூன்று டீ.

"என்னலே, கதவப் பூட்டிட்டு உக்காந்திருக்கீங்க? எருமை முடிஞ்சிட்டா?"

டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். "ஐயே, இது என்ன சீவன்?" என்று மவுஸைப் பிடித்து முதல் எருமையைத் திறந்தான். பன்னிரண்டு முகங்களும் வரிசையாக வந்தன.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏ தர்ஷினி, இது நீதானே?"

வில்சன் நிமிர்ந்தான்.

"இந்த அரைக்கண்ணு, மத்தியானம் ரெண்டு மணி வகுப்புல நீ தூக்கத்த அடக்குவேல்லா, அது. இங்கன மூக்க வெடச்சுக்கிட்டு நிக்கது, மார்க்கு கொறஞ்ச அன்னைக்கு."

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் பிரியதர்ஷினி. "எல்லாம் நானே நடிச்சு, வீடியோ எடுத்து, அதப் பாத்துத்தான் போட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

செல்போனை நீட்டினாள். பன்னிரண்டு வீடியோக்கள். விடுதி அறையில் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு பிரியதர்ஷினி.

பன்னிரண்டும் ஓடி முடியும்வரை பூதத்தான் சிரித்தான். வில்சன் ஒன்று விடாமல் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அச்சு அசலா வந்திருக்கு. பின்ன எதுக்குலே அஞ்சு தடவ மாத்தச் சொன்ன?" என்று அவனைக் கேட்டான் பூதத்தான்.

வில்சன் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பிரியதர்ஷினி வில்சனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பூதத்தானைப் பார்த்தாள். பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

"அது என் மூஞ்சின்னு அவனும் கண்டுபிடிச்சிட்டான். ஆடிட்டோரியத்துல எல்லாரும் சிரிச்சா நான் சங்கடப்படுவேனாம். அதான் மாத்தச் சொல்லிட்டு இருந்தான்."

சொல்லிவிட்டு, முதல் எருமையின் பன்னிரண்டு முகங்களையும் பிரிண்ட் கொடுத்தாள்.

பூதத்தான் வில்சனின் தோளில் கையைப் போட்டான்.

"ஒனக்கு நல்ல மனசுலே," என்றான்.