வயிறடக்கிப் பொடி

அங்கப்பன் உள்ளே வந்ததும் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

அவர் எங்கே வேண்டுமானாலும் என்னைப் பார்க்கலாம். வயிற்று டாக்டரின் கிளினிக்கில் மட்டும் பார்க்கக் கூடாது.

கோட்டைமேட்டில் என்னுடையது நாட்டு மருந்துக் கடை. நானே இடித்துச் சலித்து விற்கும் வயிறடக்கிப் பொடியை அவர் நான்கு மாதமாக வாங்குகிறார். அதற்காக மதுக்கரையிலிருந்து பஸ் ஏறி வருவார். பச்சைப் பொட்டலம். அதன்மேல் என் புகைப்படம், சிரித்தபடி.

"உப்பு தூக்கலா இருக்குதுங்களே பாய்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

"அது பொடியில இல்லீங்க, உங்க நாக்குல இருக்குது" என்று இரண்டு முறையும் அனுப்பிவைத்தேன்.

இங்கிலீஷ் மருந்துக்குப் போனால் குடல் கெட்டுவிடும் என்று பிரசங்கமும் செய்திருக்கிறேன். இப்போது என் கையில் டோக்கன் ஒன்பது.

அவருக்குப் பத்து. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். மடியில் துணிப்பை. பையின் வாயிலிருந்து என் முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டால் காட்டுவதற்கு எடுத்து வந்திருப்பார்.

இன்றைக்கு அவர் என்னைப் பார்த்துவிட்டால் நாளைக்கு மதுக்கரைக்கே தெரியும். பொடி விற்கிறவனே டாக்டரிடம் போகிறான் என்றால் கடைக்கு எவன் வருவான்?

கொண்டுவந்திருந்த புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வாசிக்கிற பழக்கம் உள்ளவன் நான். போன வருடம் படித்ததில் பாதியைக் கழிப்பறையில்தான் படித்தேன். அத்தனையும் பெரிய நாவல்கள்.

போன மாதம் இதே டாக்டர் ஸ்கேன் எடுத்தார், குழாய் விட்டுப் பார்த்தார். குடல் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நடந்துகொள்வதுதான் சரியில்லை என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பாலை விட்டேன். பரோட்டாவை விட்டேன். என் மனைவி நஸ்ரியா காலையில் ஓமத் தண்ணீரும் மத்தியானம் கறிவேப்பிலை அரைத்துப் போட்ட மோரும் கொடுத்தாள். மாதுளை ஓட்டைக் காய்ச்சிக் குடித்தேன். கவலைப்படக் கூடாது என்றார்கள். கவலைப்படுகிறேனா என்று மணிக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டேன். ரேஸ் கோர்ஸில் காலையில் நடந்தேன். மற்றவர்கள் எத்தனை சுற்று என்று எண்ணுவார்கள். நான் கழிப்பறை எத்தனை தூரம் என்று எண்ணுவேன்.

அப்போது என் வயிறு ஒரு கேள்வி கேட்டது.

அங்கப்பனின் வயிறு பதில் சொன்னது.

நர்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நானும் அவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். போகிற இடமும் ஒன்றுதான். கிளினிக்கில் இருப்பதே ஒரு கழிப்பறை.

அது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவர் முன்னால் நின்றார், நான் பின்னால். எனக்கு மௌனம் பிடிக்கும். மணிக்கணக்கில் பேசாமல் இருப்பேன். இந்த மௌனத்தில் வயிறுகள் குறுக்கே பேசிக்கொண்டிருந்தன.

கதவு திறந்தது. வந்தவர் டாக்டர். எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி தன் அறைக்குப் போனார்.

அங்கப்பன் கதவில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"நீங்க போங்க பாய்."

நான் அசையவில்லை. முகக்கவசம் முகத்தைத்தான் மறைக்கும். சட்டையில் ஏறிப்போன ஓம வாசனையை என்ன செய்யும்?

"அட, போங்க. நாம ரெண்டு பேரும் ஒரே பொடியத் திங்கறவங்க. உங்க அவசரம் எனக்குத் தெரியாதுங்களா?"

கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

உள்ளே போய்த் தாழ் போட்டேன். அவசரத்தை முடித்துக் கை கழுவும்போதுதான் கவனித்தேன். குழாய்க்கு மேலே இருந்த தட்டில், பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. நகர்த்திப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தின் வாயை நான்காக மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத ஸ்பூன். பொடி பாதிக்கு மேல் காலி.

இதை வெளியே கொண்டுபோய்க் காட்டினால் போதும், கடை தப்பித்துக்கொள்ளும். டாக்டரே சாப்பிடும் பொடி என்று வாசலில் ஃபிளெக்ஸ்கூட வைக்கலாம்.

கதவுக்கு அந்தப் பக்கம் அங்கப்பன் கால் மாற்றி நிற்கும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தட்டவில்லை.

பதினோரு வருடமாக இந்தப் பொடியை விற்கிறேன். சாப்பிட்டும் குணமாகாமல் போனால் மறுநாள் எந்த முகத்தோடு கடை திறப்பது என்று பயந்து, ஒரு நாளும் அதை வாயில் வைத்ததில்லை.

ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டேன்.

உப்பு தூக்கலாகத்தான் இருந்தது.