நாற்பதடி சாரம்

மாலை வெயில் கரும்பலகையின் ஒரு பாதியை அழித்துவிடுகிறது. மறுபாதியில் உயரத்துக்கான இங்கிலீஷ் சொற்களை எழுதுகிறேன்: மனிதர், மரம் என்றால் டால், மலை, மதில், சாரம் என்றால் ஹை. மேசையில் என் கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கிறது. உச்சரிப்பைத் திரும்பக் கேட்பதற்காக எல்லோருடைய பதிலையும் பதிவுசெய்வது இந்த வகுப்பின் வழக்கம். இரண்டாம் வரிசையில் காண்ட்ராக்டர். வெளிநாட்டு வேலைக்காகச் சேர்ந்து நான்கு நாளாகிறது. தியேட்டர் சுவரில் ஓவியம் வரைய ஏறிய என் மனைவி இவர் கட்டிய சாரத்திலிருந்துதான் விழுந்தாள். சாவுக்கு மேனேஜரை அனுப்பியவருக்கு என் முகம் தெரியாது. சாரம் ஆறடிதான், அவளே மயங்கி விழுந்தாள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாரணை நாளை காலை பத்தரைக்கு. அவரை எழுப்புகிறேன். “மாஸ்டர், உயரம்தான் நம்ம பொழப்பே. இதுல என்னைக் கவுக்க முடியாது,” என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. “நீங்க கட்டினதுலயே பெரிய சாரம் எது? இங்கிலீஷ்ல சொல்லுங்க.” மோதிரக் கையை மேலே தூக்குகிறார். “தியேட்டர் வால். மை ஸ்கஃபோல்டிங் வாஸ் ஃபார்ட்டி ஃபீட் ஹை.” “சரியா சொன்னீங்க. இன்னொரு தடவை, சத்தமா.” சொல்கிறார். பதிவை நிறுத்துகிறேன். பேனாக்களின் கீறல் மட்டும் கேட்கிறது. “போட்டுக் காட்டுங்க மாஸ்டர், நம்ம இங்கிலீஷை நாமளும் கேப்போம்.” “நாளைக்குப் பத்தரைக்குக் கேக்கலாம்.” “வகுப்பு சாயங்காலம்தானே?” என்று சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நிற்கிறது. பிறகு, முதல் முறையாக, என் முகத்தைப் பார்க்கிறார்.